பலவீனமான கால் இல்லாத ஆட்டக்காரர்

பள்ளி நாட்களில் எங்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்த ஆசிரியர், எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரரை மடக்குவதற்கு ஒரே ஒரு வழியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். பந்து அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவருக்கு வாகான கால் எது என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். வலதுகால் என்றால் அந்தப் பக்கத்தை உடம்பால் மறைத்து நின்று, அவரை இடதுபுறமாகத் திரும்ப வைக்க வேண்டும். அப்படித் திரும்பியவருக்குப் பந்தை வசப்படுத்த ஒரு தட்டு கூடுதலாகத் தேவைப்படும். அந்த ஒரு தட்டுக்கு ஆகும் நேரத்தில் நாம் பந்தைப் பறித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. எங்கள் வட்டாரத்து மைதானங்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது. என்னிடமும் பலித்தது, ஏனென்றால் நானும் நடுக்களத்தில் நின்று வலதுகாலை மட்டுமே நம்பி ஆடியவன்.

ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் சான்டி கசோர்லா லண்டனின் ஆர்சனல் அணிக்கு வந்த முதல் சீசனில், இரவு வெகுநேரம் விழித்திருந்து தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பார்த்தபோது அந்தக் கணக்கு பொய்த்துப்போவதைக் கண்டேன். மூலையிலிருந்து கார்னர் அடிக்க வேண்டும் என்றால், மைதானத்தின் ஒரு மூலையில் வலதுகாலால் அடிப்பார். சிறிது நேரம் கழித்து எதிர்மூலைக்குப் போய் இடதுகாலால் அடிப்பார். இரண்டிலும் பந்து ஒரே மாதிரி வளைந்து இறங்கும். அவரைத் தடுக்க வருபவர் எந்தப் பக்கத்தை மறைத்து நின்றாலும், மறைக்காத பக்கம் அவருக்கு வாகான பக்கமாகவே இருக்கும். அதன்பிறகு அவருடைய ஆட்டங்களில் நான் பார்க்காமல் விட்டவை மிகக் குறைவு.

இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அவருடைய கணுக்காலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அழுகத் தொடங்கிய கால், அடுத்தடுத்து நடந்த அறுவை சிகிச்சைகள், கையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் என்று அந்தக் கதை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. அது உண்மைக் கதை. கேட்கிறவர் மனத்தை அசைக்கும் கதையும்கூட. ஆனால் அந்தக் கதையை மட்டுமே கேட்டவர்களுக்கு, அந்தக் கணுக்காலோடு எது போயிருக்கக்கூடும் என்பது தெரிவதில்லை. அவர் எப்படி ஆடினார் என்பதைச் சொல்லாமல் அவர் எப்படி மீண்டார் என்பதை மட்டும் சொல்வது, பாடகரின் பாட்டைக் கேட்காமல் அவருடைய தொண்டைக்கு நடந்த சிகிச்சையை மட்டும் பேசுவதைப் போன்றது. ஆகவே ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பெயினின் வடக்கே, கடலுக்கும் மலைகளுக்கும் நடுவே இருக்கிறது அஸ்தூரியாஸ். நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஓயாத தூறலுக்கும் பேர்போன அந்தப் பகுதியில், லியானேரா என்ற ஊரில் 1984 டிசம்பர் 13 அன்று கசோர்லா பிறந்தார். பக்கத்து நகரமான ஓவியேடோவின் அணிதான் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளின் கனவு. அவரும் சிறுவனாகவே ரியல் ஓவியேடோவின் இளையோர் அணியில் சேர்ந்து, நீலச் சட்டையில் வளர்ந்தார். முதல் அணிக்கு ஆடும் வயதை அவர் எட்டிய நேரத்தில் கழகம் கடனில் மூழ்கியது. 2001-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியிருந்த ஓவியேடோ, 2003-ல் இரண்டாம் டிவிஷனிலும் நிலைக்க முடியாமல் போனது. அதோடு ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி இருந்ததால், விதிப்படி மேலும் ஒரு படி தள்ளப்பட்டு நான்காம் நிலைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினெட்டு வயதில் அவர் வில்லாரியல் அணிக்குப் புறப்பட்டபோது, சொந்த ஊர் அணியின் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேரப்போகிறோம்.

வில்லாரியல் சிறிய ஊர். ஓடு தயாரிக்கும் தொழிலை நம்பி வாழும் அந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே ஐம்பதாயிரத்தைச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் மானுவேல் பெல்லகிரினி பயிற்சியாளராக இருந்த அந்த ஆண்டுகளில் அணி நுணுக்கமாகப் பந்தைக் கடத்தி ஆடியது. 168 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒருவர், உடல் வலுவை நம்பாமல், பந்தைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு ஆடப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது. இடையில் 2006-07 சீசனை ரெக்ரியாதீவோ டி ஹுவெல்வா அணிக்காக ஆடினார். அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறிவந்திருந்த அந்தச் சிறு அணி எட்டாவது இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டே வில்லாரியல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2007-08 சீசனில் அந்த அணி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தக் கழகம் அதற்கு முன்பும் பின்பும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

2008 மே மாத இறுதியில் ஸ்பெயின் தேசிய அணிக்காக அவர் முதன்முதலில் களமிறங்கினார். பெருவுக்கு எதிரான அந்த நட்பு ஆட்டம் ஹுவெல்வாவிலேயே நடந்தது. மூன்று வாரங்கள்தான் கழிந்திருக்கும், ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக இனியெஸ்டாவுக்குப் பதிலாக உள்ளே அனுப்பப்பட்டார். கூடுதல் நேரமும் கோல் இல்லாமல் முடிந்து, ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அன்று ஜூன் 22. 1986, 1996, 2002 என மூன்று பெரிய போட்டிகளில், அதே தேதியில், அதே காலிறுதிக் கட்டத்தில், பெனால்டியில்தான் ஸ்பெயின் தோற்று வெளியேறியிருந்தது. அந்தப் பாரத்தோடு இரண்டாவது பெனால்டியை அடிக்க நடந்து வந்தவர், தேசிய அணிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத இருபத்து மூன்று வயது இளைஞர். அடித்தார், கோல் விழுந்தது. ஸ்பெயின் அந்த ஆட்டத்தை வென்றது. ஒரு வாரத்தில் கோப்பையையும் வென்றது. ஷாவி, இனியெஸ்டா, சில்வா, ஃபேப்ரகாஸ், சாபி அலோன்சோ என்று நடுக்கள மேதைகள் வரிசையில் நின்ற ஒரு தலைமுறையில் கசோர்லாவுக்குப் பெரும்பாலும் பதிலாள் இடமே கிடைத்தது. 2010-ல் காயம் காரணமாக உலகக் கோப்பை அணியிலேயே இடம்பெற முடியவில்லை. ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது அந்த ஆண்டுதான். வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அவர் பத்தாண்டுகள் அணியின் நடுநாயகமாக இருந்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். அத்தனை போட்டியிலும் அவர் தேசிய அணிக்காக 81 ஆட்டங்கள் ஆடினார் என்பதே அவருடைய தகுதிக்குப் போதுமான சான்று.

2011-ல் கத்தார் முதலாளியின் பணத்தோடு புதிய அணியைக் கட்டிக்கொண்டிருந்த மலாகா, அதுவரை யாருக்கும் கொடுத்திராத தொகையைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கேயும் பெல்லகிரினியே பயிற்சியாளர். அணி நான்காம் இடம் பெற்று, தன் வரலாற்றில் முதல்முறையாகச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. பணம் வந்த வேகத்திலேயே நின்றும் போனதால், ஒரே ஆண்டில் அவரை விற்க வேண்டிய நிலை கழகத்துக்கு வந்தது. 2012 ஆகஸ்டில் அவர் லண்டனுக்கு விமானம் ஏறினார்.

ஆர்சனலில் அவர் ஆடிய காலத்தைத்தான் நான் மிக நெருக்கமாகப் பார்த்தேன். முதல் சீசனில் லீக்கில் மட்டும் 12 கோல்கள் அடித்தார். ரெடிங் அணிக்கு எதிராக மூன்று கோல்கள், விகன் அணிக்கு எதிராக 4-1 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்களுக்கும் இறுதிப் பாஸ் என்று நினைவில் நிற்கும் ஆட்டங்கள் பல உண்டு. 2014 மே 17 அன்று லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஹல் சிட்டி எட்டே நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களைப் போட்டுவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகக் கோப்பை எதையும் பார்க்காத ஆர்சனல் ரசிகர்களுக்கு அந்த எட்டு நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பதினேழாவது நிமிடத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை கசோர்லா வலதுகாலால் அடித்தார். தடுப்புச் சுவருக்கு மேலாக எழும்பிய பந்து வலையின் மேற்பகுதியில் போய் விழுந்தது. அந்த ஒரு உதையில் ஆட்டத்தின் மூச்சு மாறியது. கோசியல்னி சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ராம்சி மூன்றாவது கோலைப் போட்டார்.

ஆனாலும் அவருடைய தொழிலின் உச்சம் என்று நான் நினைப்பது அந்தக் கோப்பை ஆட்டத்தையும் அல்ல. அது 2015 ஜனவரி 18 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் நடந்த லீக் ஆட்டம். அதற்கு முந்தைய சீசனில் ஆர்சனல் பெரிய அணிகளின் மைதானங்களுக்குப் போய் வாங்கிய அடி சாதாரணமானதல்ல. சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, செல்சியிடம் 6-0. நடுக்களத்தில் பந்தை இழப்பதும், இழந்த பந்து இரண்டே பாஸ்களில் கோலாக மாறுவதும் வழக்கமாகிவிட்டிருந்தது. ஆர்சனலின் பயிற்சியாளர் அர்சென் வெங்கர் அதற்குள் ஒரு மாற்றத்தைச் செய்திருந்தார். கடனாக வேறு அணிக்கு அனுப்பப்பட்டிருந்த ஃபிரான்சிஸ் கோக்கலினைத் திரும்ப அழைத்துத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். அதுவரை கோலுக்கு அருகில் ஆடிவந்த முப்பது வயது கசோர்லாவை அவருக்குப் பக்கத்தில், களத்தின் பின்பகுதிக்கு இறக்கினார். எதிரணியின் மொத்த நெருக்குதலும் விழும் இடம் அது. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை அங்கே நிறுத்துவது பலருக்கும் துணிச்சலான காரியமாகத்தான் பட்டது.

அன்று நடந்ததை ஒரே ஒரு காட்சியில் சொல்ல முயல்கிறேன். அந்த ஆட்டத்தில் இது பலமுறை நிகழ்ந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர், முதுகைக் காட்டி நிற்கும் கசோர்லாவுக்குப் பந்தைத் தள்ளுகிறார். பின்னாலிருந்து சிட்டியின் ஃபெர்னாண்டினோ பாய்ந்து வருகிறார். பந்து வந்துகொண்டிருக்கும்போதே கசோர்லா தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறார். பந்து காலைத் தொடும் கணத்தில் உடம்பு வலதுபுறம் சாய்கிறது. வருகிறவரும் அந்தப் பக்கமே எடையைப் போடுகிறார். பந்தோ இடது பாதத்தின் உட்பகுதியில் பட்டு மறுபக்கமாக உருள்கிறது. தாக்க வந்தவர் வெறும் இடத்தைத் தாண்டிப் போகிறார். இப்போது எதிரே ஃபெர்னாண்டோ வருகிறார். பந்து இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு மாறுகிறது, அவரும் விலகிப்போகிறார். இத்தனையும் இரண்டு விநாடிகளுக்குள், மூன்று கெஜ இடத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கும்போது கசோர்லாவுக்கு முன்னால் பாதி மைதானம் திறந்து கிடக்கிறது.

எங்கள் ஆசிரியர் சொன்ன அந்த 'ஒரு கூடுதல் தட்டு' அவருக்குத் தேவைப்படவே இல்லை. அதனால்தான் அவரை நெருக்கிய ஒவ்வொரு முறையும் சிட்டி தன் ஆட்களை இழந்தது. அவருக்கு முன்னால் நின்ற ஆர்சனல் ஆட்டக்காரர்களுக்கு நேரமும் இடமும் தாராளமாகக் கிடைத்தன. 24-வது நிமிடத்தில் பெனால்டியை அவரே கோலாக்கினார். 67-வது நிமிடத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக்கை ஜிரூ தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆர்சனல் 2-0 என்று வென்றது. எதிரணியின் பயிற்சியாளர் இருக்கையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வில்லாரியலிலும் மலாகாவிலும் அவரை வளர்த்தெடுத்த அதே பெல்லகிரினி.

நடுக்கள ஆட்டக்காரரின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆட்டத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். கோல்களும் இறுதிப் பாஸ்களும் ஏட்டில் பதிவாகின்றன. இரண்டு பேரை ஏமாற்றித் திருப்பிவிட்டு, மூன்றாவது ஆளுக்கு எளிமையான ஒரு பாஸ் கொடுத்து, அவர் தலைநிமிர்ந்து ஓட வழிசெய்வது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 2015-ம் ஆண்டு முழுவதும் ஆர்சனலின் ஆட்டம் அந்த ஏட்டில் ஏறாத வேலையின்மீதே நின்றது. அந்த ஆண்டு மே மாதம் அணி மீண்டும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. நவம்பரில், எட்டு நாள் இடைவெளியில், முதலில் கோக்கலினுக்கும் பிறகு கசோர்லாவுக்கும் முழங்காலில் காயம் ஏற்பட்டது. நார்விச் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியைக் கசோர்லா ஒற்றைக் காலில்தான் ஆடி முடித்தார் என்று வெங்கர் பின்னர் சொன்னார். லெஸ்டர் சாம்பியனான சீசன் அது. ஆர்சனல் பத்துப் புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடத்தில் முடித்தது. இந்த இருவரும் உடல்நலத்தோடு இருந்திருந்தால் அந்தப் பத்துப் புள்ளிகள் என்னவாகியிருக்கும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

கணுக்காலின் கதை இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 2013 செப்டம்பரில் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டம் ஒன்றில் வலது கணுக்காலில் விழுந்த அடி, எலும்பில் ஒரு விரிசலை உண்டாக்கியது. அவர் அதோடேயே ஆடினார். உடம்பு சூடாக இருக்கும்வரை தாங்கக்கூடியதாக இருக்கும் வலி, இடைவேளையில் கால் குளிர்ந்ததும் தாங்க முடியாததாகிவிடும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேலே நான் விவரித்த சிட்டி ஆட்டமும், வெம்ப்லியில் அடித்த ஃப்ரீ கிக்கும் அந்த விரிசல் விழுந்த பிறகு நடந்தவை. இதை முதன்முதலில் தேதிகளோடு பொருத்திப் பார்த்த இரவில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டு இரண்டு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நான்; ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்த மூட்டு எவ்வளவு தேவை என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

2016 அக்டோபர் 19 அன்று லுடோகொரெட்ஸ் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், ஆர்சனல் 4-0 என்று முன்னிலையில் இருந்தபோது, அவர் மைதானத்தைவிட்டு வெளியேறினார். அந்த அணிக்காக அவர் ஆடிய 180-வது ஆட்டம் அது. அதுவே கடைசி ஆட்டமாகவும் ஆனது. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் தையல் ஆறவில்லை. தோல் மூடியதும் மறுபடி திறந்துகொண்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதற்கே மகிழ்ச்சியடைய வேண்டும் என்று இங்கிலாந்தில் மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். 2017-ல் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் மருத்துவர் மிக்கேல் சான்செஸ் காலைத் திறந்து பார்த்தபோதுதான் நடந்திருப்பது என்னவென்று தெரிந்தது. தொற்று எலும்பைத் தின்றிருந்தது. குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணில் சுமார் எட்டு சென்டிமீட்டர் காணாமலே போயிருந்தது. காலையே இழக்க வேண்டிய நிலைக்கு அவர் வெகு அருகில் இருந்தார்.

புதிதாகக் கட்டிய தசைநாணை மூடுவதற்குத் தோல் தேவைப்பட்டது. இடது முன்கையிலிருந்து வெட்டி எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் அவர் தன் மகளின் பெயரைப் பச்சைகுத்தியிருந்தார். மகளின் பெயர் இந்தியா. படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, நாம் தினமும் எழுதும் அந்தப் பெயரின் எழுத்துகள் பாதி கையிலும் பாதி கணுக்காலிலுமாகப் பிரிந்து கிடப்பதைக் கண்டு சற்றுநேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அது ஒரு குழந்தையின் பெயர் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

சலமான்கா நகரில் அவர் செய்த மறுவாழ்வுப் பயிற்சி மாதக்கணக்கில் நீண்டது. ஏறக்குறைய பத்து அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, 2018 கோடையில் ஆர்சனல் ஒப்பந்தம் முடிந்தது. அவர் தன் பழைய வில்லாரியல் அணியின் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த ஜூலையில் நட்பு ஆட்டம் ஒன்றில் களமிறங்கியபோது அவர் கடைசியாக ஆடி 636 நாட்கள் ஆகியிருந்தன. ஆகஸ்டில் அவரை அணியில் சேர்த்துக்கொண்டதை அறிவிக்க, கழகம் ஒரு மந்திரவாதியை வரவழைத்தது. மைதானத்தின் நடுவே காலியாக இருந்த கண்ணாடிக் குழாயைப் புகை நிரப்பியது. புகை விலகியபோது உள்ளே கசோர்லா சிரித்துக்கொண்டு நின்றார். கழகங்கள் நடத்தும் இத்தகைய காட்சிகளை நான் பொதுவாக விரும்புவதில்லை. இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வந்தவர் பழைய ஆட்டக்காரர்தானா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. ஓட்டத்தில் வேகம் குறைந்திருந்தது. நெடுந்தூரம் துரத்திப் போய்ப் பந்தைப் பறிப்பது அரிதாகிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் வரும்போது தோளுக்கு மேலாகப் பார்க்கும் அந்தப் பார்வையும், எந்தக் காலால் வாங்குவது என்பதைக் கடைசிக் கணம்வரை ஒளித்து வைக்கும் பழக்கமும் அப்படியே இருந்தன. எந்தப் பாதத்தின் கணுக்காலைப் பிய்த்து ஒட்டியிருந்தார்களோ அதே பாதத்தாலும் அவர் முன்போலவே பந்தை வாங்கித் திரும்பினார். 2019 ஜனவரி 3 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 2-2 என்று முடிந்த ஆட்டத்தில் வில்லாரியலின் இரண்டு கோல்களும் அவருடையவை. 82-வது நிமிடத்தில் அடித்த இரண்டாவதை, அணியில் மிகக் குட்டையானவர்களில் ஒருவரான அவர் தலையால் முட்டிப் போட்டார். அந்த ஆண்டு ஜூனில் தேசிய அணிக்கும் திரும்பினார். நவம்பரில் மால்டாவுக்கு எதிராக ஸ்பெயின் 7-0 என்று வென்றபோது அதில் ஒரு கோல் அவருடையது. 2019-20 சீசனில் வில்லாரியல் ஐந்தாம் இடம் பெற்றது. முப்பத்தைந்து வயதில் அவர் லீக்கில் 11 கோல்கள் அடித்திருந்தார். அதன்பின் கத்தாருக்குச் சென்று, அப்போது ஷாவி பயிற்சியளித்துவந்த அல் சத் அணிக்காக மூன்று சீசன்கள் ஆடினார். பலரும் அதோடு அவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்றுதான் எண்ணினார்கள்.

இப்போது ஓவியேடோவுக்குத் திரும்ப வேண்டும். நான்காம் நிலைக்குத் தள்ளப்பட்ட அந்தக் கழகம் மெல்ல மெல்ல மேலேறப் போராடிக்கொண்டிருந்தபோது, 2012-ல் கடன் மறுபடியும் கழுத்தை நெரித்தது. குறித்த நாளுக்குள் பணம் சேராவிட்டால் கழகமே இல்லாமல் போய்விடும் என்ற நிலை. ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்பனைக்கு வைத்தார்கள். அந்த ஊரில் வளர்ந்து வெளியே போயிருந்த கசோர்லா, ஹுவான் மாட்டா, மிச்சு ஆகியோர் பங்குகளை வாங்கியதோடு, வெளியுலகத்தையும் வாங்கச் சொல்லிக் கேட்டார்கள். ஓவியேடோ எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளிலிருந்து பங்கு வாங்கினார்கள். மெக்சிகோவின் பெரும் தொழிலதிபர் கார்லோஸ் ஸ்லிம்மின் நிறுவனமும் பணம் போட்டது. கழகம் பிழைத்தது.

2023 ஆகஸ்டில், முப்பத்தெட்டு வயதில், இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கழகத்தில் கசோர்லா சேர்ந்தார். சம்பளமே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். விதிமுறை அதற்கு இடம் கொடுக்காததால், அந்த டிவிஷனில் ஆடுபவருக்குக் கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகையை வாங்கிக்கொண்டார். தன் பெயர் பொறித்த சட்டைகளின் விற்பனையில் பத்து விழுக்காட்டை இளையோர் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட ஒரே நிபந்தனை. முதல் சீசனின் முடிவில் மேலே ஏறுவதற்கான தகுதிச்சுற்று இறுதிவரை ஓவியேடோ வந்தது. முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோலை 1-0 என்று வென்றது. மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்று வாய்ப்பை இழந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தவரின் கதை அத்தோடு முடிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்னும் ஓராண்டு ஆடினார்.

2025 ஜூனில் மறுபடியும் அதே தகுதிச்சுற்று. அல்மெரியாவுக்கு எதிரான அரையிறுதிச் சுற்றில் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் அடித்து அணியை இறுதிக்கு அழைத்து வந்தார். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், மிராண்டேஸ் தன் ஊரில் 1-0 என்று வென்றுவிட்டது. ஜூன் 21 அன்று ஓவியேடோவின் கார்லோஸ் தார்தியேரே மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில், பதினாறாவது நிமிடத்திலேயே மிராண்டேஸ் இன்னொரு கோலும் போட்டது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கோல் பின்னடைவு. அரங்கம் முழுவதும் நீலச் சட்டைகள். அத்தனை பேரிடமிருந்தும் சத்தமே வரவில்லை.

39-வது நிமிடத்தில் ஓவியேடோவுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய கசோர்லா. நான் இருந்த இடத்தில் நள்ளிரவு கடந்திருந்தது; வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்ததால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2008-ல் வியன்னாவில் இத்தாலிக்கு எதிராக இதே போல நடந்துவந்த இளைஞர் என் நினைவுக்கு வந்தார். அன்று அவர்மேல் ஒரு நாட்டின் பாரம் இருந்தது. இன்று இருந்தது ஒரு ஊரின் பாரம். இரண்டாவதுதான் அதிகம் கனத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அடித்தார், வலை அசைந்தது. அவர் கொண்டாட நிற்கவில்லை.

இடைவேளை முடிந்து 52-வது நிமிடத்தில் இலியாஸ் சயிரா இரண்டாவது கோலைப் போட்டு, இரண்டு ஆட்டங்களின் கணக்கையும் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 103-வது நிமிடத்தில் போர்ட்டியோ மூன்றாவது கோலை அடித்தார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ரியல் ஓவியேடோ முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. சில நாட்களில், 2025-26 சீசனுக்கும் ஆடுவதற்கு அவர் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார்.